ஏர்பஸ், போயிங்: விமானி உணர்வதும் பயணி உணர்வதும்

2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் போயிங் 737 மேக்ஸ் வகை விமானங்கள் இரண்டு விழுந்து 346 பேர் இறந்தனர். 2024 ஜனவரி 5 அன்று அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு விமானத்தில், பயன்படாத கதவு இடத்தை மூடியிருந்த அடைப்பு சுமார் 16,000 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. 2025 நவம்பர் இறுதியில் ஏர்பஸ் பற்றிய செய்தி வந்தது: ஏ320 குடும்பத்தைச் சேர்ந்த சுமார் 6,000 விமானங்களில், கட்டுப்பாட்டுக் கணினி ஒன்றின் மென்பொருளையோ கணினியையோ உடனே மாற்ற வேண்டும் என உத்தரவு பிறந்தது. இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் எந்த நிறுவனத்தின் விமானம் நல்லது என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

ஒப்பிடவே முடியாது என்று சொல்லி நழுவிவிடலாம். அது பயணச் சீட்டை வாங்கப் போகிறவருக்கு உதவாது. இக்கேள்விக்கு விடைகள் உண்டு. ஆனால் விமானி அறையில் இருப்பவருக்கு முக்கியமான வேறுபாடு வேறு, 31ஆம் வரிசையில் இருப்பவருக்கு முக்கியமான வேறுபாடு வேறு. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் குழப்பம் வருகிறது.

இருபது ஆண்டு இடைவெளி

போயிங் 1916இல் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கியது. ஏர்பஸ் 1970இல் ஐரோப்பிய நிறுவனங்களின் கூட்டமைப்பாக உருவாகி, இன்று பிரான்ஸின் துலூஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்டுள்ளது. 1997இல் மெக்டானல் டக்ளஸ் நிறுவனம் போயிங்கோடு இணைந்த பிறகு, பெரிய பயணி விமானச் சந்தையில் இந்த இருவரே மிஞ்சினர். சீனாவின் கோமாக் சி919 விமானம் 2023 மே மாதத்தில் பயணச் சேவைக்கு வந்திருந்தாலும், உலகச் சந்தையில் அது இன்னும் சிறிய இடத்திலேயே நிற்கிறது.

இன்று நேருக்கு நேர் நிற்கும் விமானங்கள் இவை:

1. ஒற்றை நடைவழி கொண்டவை: போயிங் 737, ஏர்பஸ் ஏ320 குடும்பம். உலகின் பெரும்பாலான குறுகிய, நடுத்தரப் பயணங்கள் இவற்றில்தான் நடக்கின்றன.
2. இரட்டை நடைவழி கொண்ட நடுத்தர விமானங்கள்: போயிங் 787, ஏர்பஸ் ஏ330.
3. இரட்டை நடைவழி கொண்ட பெரியவை: போயிங் 777, ஏர்பஸ் ஏ350.
4. இரண்டு தளங்கள் கொண்டவை: போயிங் 747, ஏர்பஸ் ஏ380. இரண்டின் உற்பத்தியும் முடிந்துவிட்டது.

முதல் இணையில் ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 737 முதலில் பறந்தது 1967இல். ஏ320 முதலில் பறந்தது 1987இல். இயந்திரம், இறக்கை, திரைகள் எனப் பலமுறை புதுப்பிக்கப்பட்டிருந்தாலும், இன்றைய 737 மேக்ஸின் எலும்புக்கூடு அந்தப் பழைய வடிவமைப்பிலிருந்து வந்ததே. விமானி அறையிலும் பயணிகள் பகுதியிலும் நாம் காணப்போகும் பல வேறுபாடுகளுக்கு, நிறுவனங்களின் கொள்கையைவிட இந்த இருபது ஆண்டு இடைவெளியே முதற்காரணம்.

ஃப்ளை-பை-வயர்: நடுவில் வந்து அமர்ந்த கணினி

பழைய முறையில், விமானி கட்டுப்பாட்டுத் தண்டை இழுத்தால் அந்த இழுப்பு எஃகுக் கம்பிவடங்கள் வழியே வால் வரை சென்று, அங்கே எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்யும் ஹைட்ராலிக் அமைப்பை இயக்கி, விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் பலகைகளை அசைக்கும். 737 இன்றும் பெரும்பாலும் இப்படித்தான் பறக்கிறது. ஹைட்ராலிக் அழுத்தம் முழுவதும் போய்விட்டாலும், கனமாக இருந்தாலும், கை வலிமையால் அதை ஓட்ட முடியும்.

ஃப்ளை-பை-வயர் முறையில் விமானியின் கையசைவு மின்குறிப்பாக மாறிக் கணினிக்குப் போகிறது. பலகை எவ்வளவு அசைய வேண்டும் என்பதைக் கணினி கணக்கிட்டு முடிவு செய்கிறது. எண்முறைக் கணினிகளைக் கொண்டு இதை முழுமையாகச் செய்த முதல் பயணி விமானம் 1988இல் சேவைக்கு வந்த ஏ320. போயிங் இந்த முறைக்கு 1995இல் சேவைக்கு வந்த 777 மூலம் வந்தது. 787உம் அவ்வாறே இயங்குகிறது. ஆகவே ஏர்பஸ் என்றால் கணினி, போயிங் என்றால் கைமுறை என்று பரவலாகச் சொல்லப்படுவது சரியன்று.

கணினி நடுவில் வந்ததும், வடிவமைப்பாளர் முன் இரண்டு கேள்விகள் எழுந்தன. விமானத்தின் நிலையைப் பற்றி விமானியின் கைக்கு எவ்வளவு தெரிய வேண்டும்? விமானி கேட்பதும் கணினி பாதுகாப்பெனக் கருதுவதும் முரண்பட்டால் இறுதிச் சொல் யாருடையது? இரு நிறுவனங்களும் பிரிவது இவ்விரண்டு விடைகளில்தான்.

கைக்குத் தெரிவது

ஏர்பஸ் விமானத்தில் விமானியின் முழங்கால்களுக்கு நடுவே எதுவும் இல்லை. தலைமை விமானிக்கு இடப்பக்கமும் துணை விமானிக்கு வலப்பக்கமும் சைட்ஸ்டிக் என்ற சிறு பிடி இருக்கிறது. முன்னால் கிடைத்த வெற்றிடத்தில் இழுத்து விரிக்கும் மேசை உண்டு. வரைபடம் வைக்கவும் உணவு உண்ணவும் அது எவ்வளவு வசதி என்பதைப் பெருந்தொலைவு பறப்பவர்கள் சொல்வார்கள். போயிங்கிலோ, ஃப்ளை-பை-வயர் கொண்ட 777, 787 உட்பட, யோக் எனப்படும் பெரிய தண்டே இருவர் முன்னாலும் நிற்கிறது.

இதில் தோற்றத்தைவிட இணைப்பே முக்கியம். போயிங்கின் இரண்டு யோக்குகளும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. ஒருவர் இழுத்தால் மற்றவருடையதும் நகர்கிறது. சக விமானி என்ன செய்கிறார் என்பதைக் கேட்காமலே அறியலாம். ஏர்பஸ் சைட்ஸ்டிக்குகளுக்கு இடையே அத்தகைய பிணைப்பு கிடையாது. ஒருவருடையது அசைந்தாலும் மற்றவருடையது நிலையாக இருக்கும். இருவரும் ஒரே நேரத்தில் அசைத்தால் கணினி இரண்டு அசைவுகளையும் கூட்டி எடுத்துக்கொண்டு, இருவர் கையும் அசைகிறது எனக் குரலால் எச்சரிக்கும். சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடிப்பவர் கட்டுப்பாட்டைத் தன்வசம் எடுத்துக்கொள்ளலாம்.

இயந்திரத் திறனைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்களிலும் இதே பிரிவு தெரிகிறது. போயிங்கில் தானியங்கி அமைப்பு திறனை மாற்றும்போது நெம்புகோல்களும் நகரும். அவற்றின் மேல் கை வைத்திருப்பவருக்கு மாற்றம் உடனே தெரியும். ஏர்பஸ்ஸில் புறப்பாட்டுக்குப் பின் நெம்புகோல்களை ஒரு குறிப்பிட்ட பள்ளத்தில் வைத்துவிட்டால், தரையிறங்கும்வரை திறன் எவ்வளவு மாறினாலும் அவை அங்கேயே இருக்கும். மாற்றத்தைத் திரையில் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

மூன்றாவது வேறுபாட்டைப் பயணிகள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. விமானிகளோ அதைத்தான் முதலில் சொல்வார்கள். பொதுவாக ஒரு விமானத்தின் வேகம் குறைந்தால் அதன் மூக்கு தானாகக் கீழே சாயும். மூக்கை உயர்த்தி வைக்க விமானி மேலும் இழுக்க வேண்டும், அல்லது டிரிம் எனப்படும் சமநிலை அமைப்பை மாற்ற வேண்டும். வேகம் குறைகிறது என்பதைக் கைக்கு உணர்த்தும் இயற்கையான அறிகுறி அது. ஏர்பஸ்ஸில் கணினியே டிரிம்மைச் சரிசெய்துகொண்டே இருப்பதால் வேகம் மாறினாலும் மூக்கு வைத்த இடத்தில் நிற்கும். பறப்பது எளிதாகிறது, ஓர் அறிகுறி மறைகிறது. 777இல் கணினி இருந்தும், பழைய விமானத்தின் இந்த நடத்தையை வேண்டுமென்றே செயற்கையாக மீட்டு வைத்தார்கள்.

எனவே போயிங் முறை விமானியோடு கையால் பேசுகிறது, ஏர்பஸ் முறை பெரும்பாலும் கண்ணாலும் காதாலும் பேசுகிறது. இரண்டையும் ஓட்டிப் பழகியவர்களில் இரு தரப்புக்கும் உறுதியான ஆதரவாளர்கள் இருப்பதில் வியப்பில்லை.

இறுதிச் சொல் யாருடையது

ஏ320இன் இயல்பான கட்டுப்பாட்டு நிலையில் சில எல்லைகளைக் கணினி காக்கிறது:

1. விமானம் பக்கவாட்டில் 67 பாகைக்கு மேல் சாயாது.
2. மூக்கு 30 பாகைக்கு மேல் உயராது, 15 பாகைக்குக் கீழே தாழாது.
3. விமானத்தின் மீதான விசை 2.5 ஜி அளவை, அதாவது புவியீர்ப்பின் இரண்டரை மடங்கை, தாண்டாது.
4. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம், அதாவது தாக்குகோணம், ஓர் உச்சத்தைக் கடக்காது.

நான்காவது எல்லையே உயிர்நாடி. தாக்குகோணம் மிகையானால் இறக்கையின் மேல் காற்று ஒட்டி ஓடாமல் பிரிந்து தூக்குவிசை குலைந்துபோகும், இதுவே ஸ்டால். இயந்திரம் நின்றுபோவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஏர்பஸ்ஸில் விமானி பதற்றத்தில் சைட்ஸ்டிக்கைக் கடைசிவரை இழுத்தாலும், இயல்பான நிலையில் விமானம் ஸ்டால் ஆகாது.

777, 787 ஆகியவற்றிலும் எல்லைகள் உண்டு. ஆனால் அவை தடுக்கும் சுவர்களாக இல்லாமல், எதிர்த்துத் தள்ளும் விசையாக இருக்கின்றன. 35 பாகைக்கு மேல் சாய்க்க முயன்றால் யோக் எதிர்விசை காட்டும்; அதையும் மீறிப் பலமாகத் திருப்பினால் விமானம் பணியும். அசாதாரணச் சூழலில் எதைச் செய்வது என்பதை மனிதரே முடிவு செய்யட்டும் என்பது போயிங்கின் வாதம். மலை எதிரே தெரியும்போது விமானி தயங்காமல் முழு இழுப்பு இழுக்கட்டும், உச்சபட்ச ஏற்றத்தைக் கணினி துல்லியமாகப் பிடித்துத் தரும் என்பது ஏர்பஸ்ஸின் வாதம்.

ஏர்பஸ் வாதத்துக்கு வலுவான சான்று 2009 ஜனவரி 15 அன்று கிடைத்தது. பறவைகள் மோதி இரு இயந்திரங்களும் திறனிழந்த யுஎஸ் ஏர்வேஸ் 1549 விமானத்தை நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கியபோது 155 பேரும் பிழைத்தனர். விமானியின் திறமையே அதில் முதன்மை. அதே வேளையில், கடைசி நொடிகளில் அவர் ஸ்டால் ஆகுமோ என்ற அச்சமின்றி முழுமையாக இழுக்க முடிந்ததற்கு ஏ320இன் எல்லைக் காப்பு துணைநின்றதை அமெரிக்க விபத்து ஆய்வு வாரியம் பதிவு செய்திருக்கிறது.

காப்பு விலகும் நேரம்

எல்லைக் காப்பு சரியான அளவீடுகளை நம்பியே இயங்குகிறது. வேக அளவீடுகள் முரண்படும்போது எது உண்மை என்று கணினிக்குத் தெரியாது. அப்போது அது இயல்பான நிலையிலிருந்து மாற்று நிலைக்கு இறங்கிப் பல காப்புகளைக் கைவிட்டு, கட்டுப்பாட்டை மனிதரிடம் ஒப்படைக்கிறது.

2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலின் மேல் ஏர் பிரான்ஸ் 447க்கு நேர்ந்தது இதுதான். அந்த ஏ330 விமானத்தின் வேகமானிக் குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்தன, ஆட்டோபைலட் விலகியது, ஸ்டால் காப்பும் விலகியது. ஓட்டிக்கொண்டிருந்த துணை விமானி மூக்கை உயர்த்தினார். விமானம் சுமார் 38,000 அடிவரை ஏறி, ஸ்டால் ஆகி, ஆட்டோபைலட் விலகியதிலிருந்து நான்கரை நிமிடத்துக்குள் கடலில் விழுந்தது. 228 பேர் இறந்தனர். பக்கத்தில் இருந்தவரின் சைட்ஸ்டிக் அசையவில்லை; சக விமானி தொடர்ந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டிருப்பதை அவர் கையால் உணர வழியில்லை. வேக அளவீடு மிகவும் குறைந்தபோது ஸ்டால் எச்சரிக்கையே நின்றுபோய், மூக்கைத் தாழ்த்திச் சரியானதைச் செய்ய முயன்றபோது மீண்டும் ஒலித்தது. அந்த நிமிடங்களில் ஒரு மனிதரை இதைவிடக் குழப்ப முடியாது என்றே நினைக்கிறேன்.

2014 டிசம்பர் 28 அன்று 162 பேரோடு ஜாவா கடலில் விழுந்த ஏர்ஏஷியா இந்தோனேசியா 8501 விமானத்திலும், காப்பு விலகிய பின் இரு விமானிகளும் எதிரெதிராக சைட்ஸ்டிக்கை அசைத்தது பதிவாகியிருக்கிறது. பிணைப்பில்லாத சைட்ஸ்டிக் ஓர் உண்மையான குறை என்பதை மறுக்க இயலாது. இதற்குத் தீர்வும் உண்டு: இரண்டும் ஒன்றாக அசைவதுபோல் மின்மோட்டார்கள் மூலம் உணர்த்தும் சைட்ஸ்டிக்குகள் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி500 என்ற தனியார் ஜெட்டில் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கின்றன. ஏ350இல்கூட ஏர்பஸ் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

2025 நவம்பர் மென்பொருள் விவகாரமும் இதே குடும்பத்துச் சிக்கல். அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று ஒரு ஏ320 பறந்துகொண்டிருக்கும்போதே விமானி கேட்காமல் மூக்கைத் தாழ்த்தியது. தீவிரமான சூரியக் கதிர்வீச்சு, கட்டுப்பாட்டுக் கணினியில் உள்ள தரவுகளைச் சிதைக்கக்கூடும் என்று ஏர்பஸ் அறிவித்தது. பெரும்பாலான விமானங்களுக்குத் தீர்வு, மென்பொருளின் முந்தைய பதிப்புக்குத் திரும்புவதாக இருந்தது. அந்த வேலையும் சில நாள்களில் பெருமளவு முடிந்தது.

கை உணர்வும் காப்பாற்றாத இரு நிகழ்வுகள்

அப்படியானால் அசையும் யோக்கும் அசையும் நெம்புகோலும் போதுமா? இரண்டு விபத்துகள் இல்லை என்கின்றன.

2009 பிப்ரவரி 25 அன்று ஆம்ஸ்டர்டாமில் தரையிறங்க வந்த துருக்கிய ஏர்லைன்ஸ் 737-800 விமானத்தில், உயரமானி ஒன்று தவறாக விமானம் தரைக்கு வந்துவிட்டது எனக் காட்டியது. தானியங்கி அமைப்பு நெம்புகோல்களைப் பின்னுக்கு இழுத்துத் திறனைக் குறைத்தது. அவை கண்ணெதிரே நகர்ந்தும், வேகம் அபாயமாகக் குறையும்வரை எவரும் கவனிக்கவில்லை. 9 பேர் இறந்தனர். 2013 ஜூலை 6 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஏசியானா 214, அதாவது ஒரு 777 விமானம், வேகம் குறைந்து ஓடுபாதைக்கு முன்னிருந்த கடல் தடுப்பில் மோதி 3 பேர் இறந்தனர். தானியங்கி அமைப்பு வேகத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என விமானிகள் நம்பியிருக்க, தேர்ந்தெடுக்கப்பட்ட நிலையில் அது அந்த வேலையைச் செய்யாமல் ஒதுங்கியிருந்தது.

தானியங்கி அமைப்பு இப்போது என்ன செய்கிறது, எதைச் செய்வதை நிறுத்திவிட்டது என்பது விமானிக்குத் தெரியாமல் போவதே இவ்விரண்டிலும், ஏர் பிரான்ஸ் விபத்திலும் பொதுவாக இருப்பது. எந்த நிறுவனத்தின் பிடியைக் கையில் பிடித்திருந்தாலும் இந்த ஆபத்து உண்டு.

737 மேக்ஸ்: தன் கொள்கையையே மீறிய வடிவமைப்பு

மேக்ஸ் விபத்துகளைப் போயிங்கின் கொள்கைத் தோல்வியாகச் சிலர் காட்டுகிறார்கள். உண்மை அதைவிட வேதனையானது: அங்கே போயிங் தன் கொள்கையை விட்டு விலகியது.

காரணங்களை வரிசையாகப் பார்ப்போம்.

1. 1960களில் படிக்கட்டும் சுமைதூக்கியும் எளிதாக எட்ட வேண்டும் என்பதற்காக 737ஐத் தரைக்கு மிக அருகில் நிற்கும்படி அமைத்தார்கள். அப்போதைய இயந்திரங்கள் ஒல்லியானவை.
2. எரிபொருள் மிச்சமாக வேண்டுமானால் இயந்திரத்தின் முன்விசிறி பெரிதாக வேண்டும். ஏ320 உயரமாக நிற்பதால் சுமார் 78 அங்குல விசிறி கொண்ட இயந்திரம் அதில் அடங்கியது. மேக்ஸுக்கு 69 அங்குல அளவிலான விசிறியையே பொருத்த முடிந்தது. அதற்கும் இயந்திரத்தை முன்னுக்குத் தள்ளி உயர்த்தி வைக்க வேண்டியிருந்தது.
3. இதனால் மிகை தாக்குகோணத்தில் விமானத்தின் நடத்தை மாறியது. பழைய 737ஐப் போலவே கைக்குத் தோன்றச் செய்ய, எம்காஸ் என்ற மென்பொருள் சேர்க்கப்பட்டது. அது தானாக டிரிம்மை மாற்றி மூக்கைத் தாழ்த்தும்.
4. தாக்குகோணத்தைச் சொல்லும் உணரிகள் இரண்டு இருந்தும், எம்காஸ் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே கேட்டது. அது பொய் சொன்னபோது எம்காஸ் மூக்கை மீண்டும் மீண்டும் தாழ்த்தியது.
5. வழக்கமான 737இல் யோக்கை எதிர்த்திசையில் இழுத்தாலே தானியங்கி டிரிம் நின்றுவிடும். எம்காஸ் இயங்கும்போது இந்தத் தடுப்பு செயலற்றுப்போனது.
6. இப்படியொரு அமைப்பு இருப்பதே விமானிகளின் கையேட்டில் விளக்கப்படவில்லை.

இந்த ஆறாவது புள்ளியில் நான் கடுமையாகவே நிற்கிறேன். மறைத்ததற்குப் பொருளாதாரக் காரணம் இருந்தது. ஒரு விமான வகையை ஓட்ட விமானி பெறும் தகுதிச் சான்று டைப் ரேட்டிங் எனப்படும். பழைய 737 விமானி, சிமுலேட்டர் எனப்படும் போலி விமானி அறையில் பயிற்சி இல்லாமல் மேக்ஸுக்கு மாற முடியும் என்பதே அதன் விற்பனைக் கவர்ச்சி. சிமுலேட்டர் பயிற்சி தேவைப்பட்டால் விமானம் ஒன்றுக்கு 10 லட்சம் டாலர் தள்ளுபடி தர ஒரு பெரிய வாடிக்கையாளரிடம் போயிங் ஒப்புக்கொண்டிருந்ததை அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் 2020ஆம் ஆண்டு அறிக்கை வெளிக்கொணர்ந்தது. இறுதி முடிவு விமானியுடையது என்று பல பத்தாண்டுகள் சொல்லிவந்த நிறுவனம், விமானிக்குத் தெரியாத ஒன்றிடம் முடிவைக் கொடுத்தது. 2019 மார்ச்சில் விழுந்த எத்தியோப்பிய விமானத்தில் விமானிகள் மின்வழி டிரிம்மைத் துண்டித்த பிறகு, அந்த வேகத்தில் டிரிம் சக்கரத்தைக் கையால் சுற்றித் திருப்பவும் முடியவில்லை.

அமெரிக்காவில் மேக்ஸுக்கு விதித்த தடை 2020 நவம்பரில், 20 மாதங்களுக்குப் பின் நீங்கியது. இப்போது எம்காஸ் இரண்டு உணரிகளையும் ஒப்பிடுகிறது, ஒருமுறைக்கு மேல் இயங்குவதில்லை, விமானியின் இழுப்பை மீறும் அளவுக்கு மூக்கைத் தாழ்த்துவதில்லை. சிமுலேட்டர் பயிற்சியும் கட்டாயமானது.

பழைமையின் இன்னொரு அடையாளம் எச்சரிக்கை முறை. ஏர்பஸ்ஸிலும் 777, 787 விமானங்களிலும் கோளாறு ஏற்பட்டால் நடுத்திரையில் அது முக்கியத்துவ வரிசையில் எழுத்தாகத் தோன்றும். ஏர்பஸ்ஸில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற படிகளும் அங்கேயே வரும். 737இல் தனித்தனி விளக்குகள் எரியும். விமானி கையேட்டை எடுத்து உரிய பக்கத்தைத் தேட வேண்டும். ஒரே நேரத்தில் ஐந்தாறு கோளாறுகள் வந்தால் இந்த வேறுபாடு சிறியதன்று. மற்றொரு பக்கம், 2024 ஜனவரி கதவு அடைப்பு நிகழ்வுக்கு வடிவமைப்பு காரணமில்லை. அதைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு தாழ்ப்பாணிகள் பொருத்தப்படாமலே விமானம் தொழிற்சாலையை விட்டு வெளியேறியிருந்தது. அது உற்பத்தித் தரத்தின் வீழ்ச்சி.

பயணியின் இருக்கையிலிருந்து

பயணிக்குச் சைட்ஸ்டிக்கும் யோக்கும் தெரியப்போவதில்லை. தெரிவது அகலம், காற்று, ஓசை ஆகிய மூன்றும்தான்.

*அகலம்.* 737இன் உள்ளகலம் சுமார் 3.54 மீட்டர், ஏ320இன் உள்ளகலம் சுமார் 3.70 மீட்டர். இரண்டிலும் வரிசைக்கு ஆறு இருக்கைகள். அந்த 16 சென்டிமீட்டரை இருக்கைகளுக்குப் பகிர்ந்தால், 737இல் சுமார் 17 அங்குலமும் ஏ320இல் சுமார் 18 அங்குலமும் கிடைக்கும். நடு இருக்கையில் மூன்று மணி நேரம் அமர்பவருக்கு ஓர் அங்குலம் தோள்பட்டையில் தெரியும். 737இன் அகலம் 1950களின் போயிங் 707இலிருந்து வந்தது. அதை மாற்ற வேண்டுமானால் புதிய விமானமே செய்ய வேண்டும்.

பெரிய விமானங்களில் முடிவு, வாங்கும் விமான நிறுவனத்தின் கைக்குப் போகிறது. 777ஐ முதலில் பலர் வரிசைக்கு 9 இருக்கையோடு பறக்கவிட்டார்கள்; அப்போது அது மிகத் தாராளமாக இருந்தது. இப்போது பெரும்பாலும் 10. இருக்கை 17 அங்குலத்துக்குச் சுருங்கிவிட்டது. 787க்கும் இதே கதை: எட்டாக எண்ணப்பட்டது ஒன்பதானது. ஏ350 சற்றே அகலமானது என்பதால் ஒன்பது வைத்தாலும் 18 அங்குலம் வரை கிடைக்கும். அதிலும் பத்து வைக்கும் நிறுவனங்கள் உண்டு. ஏ330இன் 2-4-2 அமைப்பு இருவராகப் பயணம் செய்பவர்களுக்கு இன்றும் சிறந்த ஏற்பாடு. கனடாவின் பொம்பார்டியர் வடிவமைத்து 2018இல் ஏர்பஸ் வசம் வந்த ஏ220இல் 2-3 என அமைந்த இருக்கைகள் 18 அங்குலத்தைத் தாண்டுகின்றன. ஒற்றை நடைவழி விமானங்களில் எனக்கு முதல் தேர்வு அதுவே.

கால் நீட்டும் இடத்துக்கும் விமானத் தயாரிப்பாளருக்கும் தொடர்பே இல்லை. வரிசைகளுக்கு இடையே 28 அங்குலமா 32 அங்குலமா என்பதை விமான நிறுவனமே தீர்மானிக்கிறது.

*காற்று.* 38,000 அடியில் பறக்கும்போது உள்ளே இருப்பது தரைமட்டக் காற்றழுத்தம் இல்லை. அலுமினிய உடல் கொண்ட வழக்கமான விமானங்களில் உள்ளழுத்தம் சுமார் 8,000 அடி மலையுச்சிக்கு நிகராகக் குறையலாம். அழுத்தத்தை இன்னும் கூட்டினால் ஒவ்வொரு பயணத்திலும் உலோகம் கூடுதலாக விரிந்து சுருங்கிக் களைப்படையும். 787, ஏ350 ஆகியவற்றின் எடையில் பாதி அளவுக்குக் கார்பன் இழைக் கலவை இருப்பதால் உடல் கூடுதல் அழுத்தத்தைத் தாங்குகிறது. உள்ளே 6,000 அடி அளவிலேயே வைக்க முடிகிறது. கலவைப்பொருள் துருப்பிடிக்காது என்பதால் காற்றில் ஈரப்பதமும் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். பத்து மணி நேரப் பயணத்தின் முடிவில் தலைவலியும் தொண்டை வறட்சியும் குறைவாக இருப்பதற்கு இவையே காரணம். இங்கே ஏர்பஸ், போயிங் என்ற பிரிவு மறைந்து, புதிய தலைமுறை, பழைய தலைமுறை என்ற பிரிவே மிஞ்சுகிறது. 787இல் கூடுதலாக, உள்ளே வரும் காற்று இயந்திரத்திலிருந்து எடுக்கப்படாமல் மின்சார அமுக்கிகளால் வெளியிலிருந்து எடுக்கப்படுகிறது. அதன் பெரிய சாளரங்களில் மூடி இல்லை. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி கருக்கும்.

*ஓசை.* ஏ380உம் ஏ350உம் உள்ளே மிக அமைதியானவை. எந்த விமானத்திலும் இறக்கைக்கு முன்னால் இருப்பவருக்கு ஓசை குறைவு. ஏ320 குடும்பத்தில் புறப்படுவதற்கு முன் பயணிகளின் காலடித் தளத்துக்குக் கீழிருந்து நாய் குரைப்பதுபோல் ஓர் ஒலி வரும். இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகளுக்கு இடையே அழுத்தத்தைப் பகிரும் கருவியின் இயல்பான ஒலி அது, கோளாறு இல்லை. காற்றுக் குலுக்கலைப் பொறுத்தவரை, 787, ஏ350 இரண்டிலும் உணரிகள் காற்றின் உந்தலைக் கண்டறிந்து கட்டுப்பாட்டுப் பலகைகளை நுட்பமாக அசைத்து அதிர்வைத் தணிக்கின்றன.

எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

பாதுகாப்பை அளவுகோலாகக் கொண்டு நிறுவனப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை இல்லை என்பதே என் முடிவு. மேலே சொன்ன விபத்துகள் ஒவ்வொன்றும் பிழை எங்கிருந்து வந்தது என்பதில் வேறுபடுகின்றன: உணரி, மென்பொருள், தொழிற்சாலை, பயிற்சி. விமானிகளுக்குக் கையால் ஓட்டும் பயிற்சியையும் சிமுலேட்டர் நேரத்தையும் தாராளமாகக் கொடுக்கும் விமான நிறுவனத்தில் எந்த வகை விமானமும் நல்ல கைகளில் இருக்கிறது.

வசதியைப் பொறுத்தவரை மூன்று செய்திகள் பயன்படும்:

1. பதிவின்போது காட்டப்படும் விமானக் குறியீட்டைப் பாருங்கள். 738 என்றால் 737-800, 789 என்றால் 787-9, 359 என்றால் ஏ350-900, 388 என்றால் ஏ380-800.
2. இருக்கை வரைபடத்தில் வரிசைக்கு எத்தனை இருக்கை என்று எண்ணுங்கள். 777இல் 9 இருந்தால் அரிதான வாய்ப்பு. 10 இருந்தால் அதே நேரத்தில் புறப்படும் ஏ350யையோ ஏ330யையோ தேடலாம்.
3. குறுகிய பயணத்துக்கு அகலத்தையும், எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு உள்ளழுத்தத்தையும் முதன்மையாகக் கொள்ளுங்கள். நீண்ட பயணத்தில் 787க்கும் ஏ350க்கும் இடையே தயங்கினால், அகலத்துக்காக ஏ350இன் பக்கம் சாயலாம்.

குறியீட்டைப் பார்த்து வாங்கிய பின்னும், பராமரிப்புக் காரணங்களால் கடைசி நேரத்தில் வேறு விமானத்தை மாற்ற விமான நிறுவனங்களுக்கு உரிமை உண்டு. ஆகவே புறப்படுவதற்கு முந்தைய நாள் இருக்கை வரைபடத்தை மீண்டும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. வரிசை அமைப்பு மாறியிருந்தால் விமானமும் மாறியிருக்கிறது. இருக்கையை மாற்றிக்கொள்ள அப்போது இன்னும் நேரம் இருக்கும்.